சிறு வணிகமும் சுழலும் முதலும்

(அயல்நாட்டிலிருந்து திரும்பியோருக்காகவும் தொழில் தொடங்க விழையும் இளைஞர்களுக்காகவும் ஜமாஅத் மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சிறுதொழில் ஒன்றைத் தொடங்குவது, அதன் சரக்கை விற்பது, பின்னர் அதனை வளர்ப்பது ஆகிய மூன்றையும் ஒரே உரையில் அடக்குமாறு நிர்வாகக் குழுவினர் பணித்துள்ளனர். மூன்றும் மூன்று கடல்கள். ஆயினும் மூன்றிற்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. நாம் போட்ட முதல் எத்தனை நாளில் சுற்றித் திரும்பிக் கல்லாவுக்கு வந்து சேருகிறது என்பதே அது. அந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே இன்று பேச விழைகிறேன்.

நம் ஊர்களின் நிலையை நீங்கள் அறிவீர்கள். பதினைந்து, இருபது ஆண்டுகள் சவூதியிலோ துபையிலோ குவைத்திலோ உழைத்தவர், பணிக்கொடையையும் சேமிப்பையும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். மகளின் நிக்காஹ் முடிந்திருக்கும், வீடு கட்டியாகியிருக்கும், பத்து லட்சம் ரூபாய் மீதமிருக்கும். 'இனிச் சபர் போதும், பிள்ளைகளோடு இருந்துவிடலாம்' என்று கடைவீதியில் ஒரு கடை பிடிக்கிறார். மச்சான் ஒருவர் கூட்டுச் சேர்கிறார். திறப்பு விழாவன்று துஆ ஓதி, வந்தோர்க்கெல்லாம் பிரியாணி பரிமாறப்படுகிறது. ஒன்றரை ஆண்டுக்குப் பின் அதே ஷட்டரில் 'கடை வாடகைக்கு' என்ற அட்டை தொங்குகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர் மீண்டும் விசாவுக்கு அலைகிறார். அவருக்கு உழைக்கத் தெரியாதா? பாலை வெயிலில் உழைத்தவர். நேர்மை இல்லையா? பள்ளியின் முதல் ஸஃப்பில் நிற்பவர். சரக்கும் விற்றுக்கொண்டுதான் இருந்தது. பணம் மட்டும் உரிய காலத்தில் திரும்பி வரவில்லை.

எப்படி வராமற் போகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக ஓர் ஆயத்த ஆடைக் கடை என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சத்தில் கடை முன்பணம் 2 லட்சம். கண்ணாடி, மரவேலை, குளிர்சாதனம் ஆகிய அலங்காரங்களுக்கு 3 லட்சம். பெயர்ப்பலகை, கணினி, திறப்பு விழா என 50,000. மீதமுள்ள 4,50,000 ரூபாய்க்குச் சரக்கு. கையிருப்பு ஏதுமில்லை. கொள்முதல் விலைமேல் நூற்றுக்கு இருபத்தைந்து வைத்து விற்கிறார். ஒரு முறை வாங்கிய சரக்கு முழுவதும் விற்றுத் தீர நான்கு மாதம் ஆகிறது. அதாவது ஆண்டுக்கு மூன்று சுற்று. ஒரு சுற்றுக்கு 1,12,500 வீதம் ஆண்டுக்கு 3,37,500 ரூபாய் மொத்த லாபம். மாதத்திற்கு 28,125. வாடகை 12,000, ஒரு பணியாளருக்கு 12,000, மின்சாரமும் சில்லறைச் செலவும் 3,000 என 27,000 ரூபாய் போய்விடுகிறது. முதலாளிக்கு மிஞ்சுவது 1,125 ரூபாய்! வீட்டுக்குப் பால் வாங்கவும் காணாது. ஆகவே வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கை வைக்கிறார். அவர் எடுப்பது லாபம் அன்று, முதல். மாதம் 20,000 எடுத்தால், இருபது மாதத்தில் சரக்கு ஏறத்தாழ முழுவதும் வீட்டு அடுப்பில் எரிந்து முடிந்துவிடும். ஒன்றரை ஆண்டு என்று முன்னே சொன்னேனே, அதன் கணக்கு இதுதான்.

இப்போது அதே கடை, அதே சரக்கு மதிப்பு, அதே லாப விகிதம். சுற்று மட்டும் ஆண்டுக்கு மூன்றிலிருந்து ஆறு ஆகிறது. அதாவது சரக்கு இரண்டு மாதத்தில் விற்றுத் தீர்கிறது. மாத மொத்த லாபம் 56,250. செலவு போக மிஞ்சுவது 29,250. விலையை ஒரு ரூபாய் கூட ஏற்றவில்லை. புதிதாக ஒரு காசும் முதல் போடவில்லை. இருபத்தைந்து மடங்கு வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை இளைஞர்கள் இரவில் வீட்டில் அமர்ந்து மீண்டும் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

சுற்றை விரைவுபடுத்துவது விற்பனை மேடையில் தொடங்குவதில்லை, கொள்முதலில் தொடங்குகிறது. ஆண்டுக்கு இருமுறை லாரி பிடித்து மொத்தமாகச் சரக்கு இறக்குவது பெருமைக்கு உகந்தது. மாதம் இருமுறை ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு நேரில் சென்று, விற்ற ரகத்தை மட்டும் விற்ற அளவில் வாங்கி வருவது வருமானத்துக்கு உகந்தது. மொத்தமாக வாங்கினால் நூற்றுக்கு ஐந்து குறையுமே என்பார்கள். குறையும், ஆனால் அந்த ஐந்தைப் பெறுவதற்காக நாலைந்து மாதம் பணத்தை முடக்குகிறோம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மூன்று மாதமாகக் கை படாத சரக்கை இனங்கண்டு, கொள்முதல் விலைக்கேனும் தள்ளிவிடுவது நலம். 'போட்ட காசுக்கே விற்பதா' என்று மனம் கேட்கும். அலமாரியில் இருப்பது காசன்று, துணி. விற்றால்தான் காசு.

இவ்விடத்தில் நம்மவர்களுக்கு ஏற்கெனவே உள்ள ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். ஸகாத் கணக்குக்காக ஆண்டுக்கொரு முறை சரக்கை எண்ணி மதிப்பிடும் வழக்கம் நம் வணிகர்களிடம் தொன்றுதொட்டு உண்டு. அந்தப் பட்டியலை ரமளான் முடிந்ததும் மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். அதிலேயே எந்தச் சரக்கு சென்ற ஆண்டும் இருந்தது, இந்த ஆண்டும் இருக்கிறது என்று பார்த்தால், நம் முதல் எங்கே உறங்குகிறது என்பது புலனாகிவிடும்.

இனி, எந்தத் தொழிலைத் தொடங்குவது? 'எதில் லாபம் அதிகம்' என்றே எல்லோரும் கேட்கிறார்கள். 'எதில் பணம் விரைவில் திரும்பும்' என்று கேட்போர் அரியர். குறைந்த முதல் உடையவருக்கு இரண்டாவது கேள்வியே முதன்மையானது.

பெங்களூருவில் 2005ஆம் ஆண்டு இட்லி, தோசை மாவு விற்கத் தொடங்கியவர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேரளத்தின் வயநாட்டைச் சேர்ந்த பி.சி. முஸ்தஃபாவும் அவருடைய உறவுச் சகோதரர்களும் 'ஐடி' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. ஐம்பது சதுர அடி சமையலறை, சில கிரைண்டர்கள், ஒரு பழைய ஸ்கூட்டர். கடைகளில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பைகளில் மாவு விற்கப்பட்டதையும், அதன் தரம் பற்றி வாங்கியோர் குறைப்பட்டதையும் கண்டு எழுந்த எண்ணம் அது. மாவு எவரும் அறியாத புதுமைப் பொருள் அன்று. வாங்குவோர் ஏற்கெனவே இருந்தார்கள். நல்ல மாவுதான் இல்லை. ஒரு நாளைக்கு நூறு பாக்கெட் என்ற அளவை எட்டுவதற்கே ஒன்பது மாதம் ஆயிற்று என்று முஸ்தஃபா கூறியிருக்கிறார். ஒன்பது மாதம் அவர்களால் பொறுத்திருக்க முடிந்ததற்குக் காரணம், இன்று அரைத்த மாவின் பணம் ஓரிரு நாளில் திரும்பிவிடும் தன்மையே. பெரிய முதல் எங்கும் சிக்கிக்கொள்ளவில்லை.

ஆனால் விரைந்து சுழலும் பொருள் விரைந்து கெடவும் செய்யும். ஒரு சிறு மாவுக் கடையின் கணக்கைப் பாருங்கள். ஒரு பாக்கெட்டுக்கு அடக்கம் 30 ரூபாய். மளிகைக் கடைக்குக் கொடுப்பது 38 ரூபாய். நூறு பாக்கெட் விற்றால் நாளைக்கு 800 ரூபாய் லாபம். நூறில் பத்துப் பாக்கெட் விற்காமல் புளித்துத் திரும்பினால் என்ன ஆகும்? லாபத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்றே பலரும் எண்ணுவர். வரவு 3,420, அடக்கம் 3,000, மிஞ்சுவது 420. லாபத்தில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. ஆதலால் உணவுப் பண்டத் தொழிலில் நாளை எத்தனை விற்கும் என்பதைக் கடைவாரியாகக் குறித்து வைக்கும் சிறு நோட்டுப் புத்தகம், புதிய இயந்திரத்தைவிட மதிப்புடையது. எந்தக் கடையில் வெள்ளிக்கிழமை குறைவு, எந்தக் கடையில் ஞாயிறு அதிகம், நோன்பு மாதத்தில் எத்தனை மாறும் என்பதெல்லாம் மூன்று மாதக் குறிப்பில் தெரிந்துவிடும். வட்டலப்பம், மசாலாப் பொடி, ஊறுகாய் என வீட்டிலிருந்தே செய்து விற்கும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும் என்பதையும் அவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

விற்பனைக்கு வருவோம். விளம்பரம் என்றவுடன் ஃபிளக்ஸ் பலகையும் உள்ளூர்த் தொலைக்காட்சியும் நினைவுக்கு வருகின்றன. தயங்கி நிற்கும் வாடிக்கையாளரின் அச்சத்தை நீக்குவதே நல்ல விளம்பரத்தின் முதல் வேலை. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் 'சிக்' ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். அவருடைய தந்தையார் சின்னிகிருஷ்ணன், எளியோரும் வாங்கத்தக்க சிறு உறைகளில் பொருள்களை அடைத்து விற்கலாம் என்ற எண்ணத்தை முன்னெடுத்தவர். ஷாம்பு பழக்கமில்லாத கிராமங்களில் ஒரு சிறுவனை அழைத்து, ஊரார் முன்னிலையில் அவன் தலையை அலசிக் காட்டி, முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். காலி உறைகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் புதிய உறை இலவசம் என்று அறிவித்தார்கள். இதில் நுட்பம் ஒன்று உண்டு. காலி உறை கொண்டுவருபவர் ஏற்கெனவே ஷாம்பு பயன்படுத்துபவர். இலவசம் சரியான ஆளிடமே போய்ச் சேருகிறது. கடைக்காரரும் மக்கள் கேட்டு வருவதைக் கண்டு சரக்கு வைக்கிறார். இன்று 'கெவின்கேர்' என்று அறியப்படும் நிறுவனம் இவ்வாறு வளர்ந்ததே.

இலவசம் வேறு, தள்ளுபடி வேறு. தள்ளுபடியைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்பவர், பத்து விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் லாபம் 20இலிருந்து 10 ஆகிறது. பழைய லாபத்தைப் பெறவேண்டுமானால் விற்பனை இரு மடங்காக வேண்டும். எதிர்க்கடைக்காரர் தள்ளுபடி போட்டார் என்பதற்காக நாமும் போடுவது, அவர் கிணற்றில் விழுந்தார் என்று நாமும் குதிப்பது போன்றதாகும். தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்கு மட்டும் தள்ளுபடி நல்ல கருவி.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் 1957ஆம் ஆண்டு நாகசாமி நாயுடு தொடங்கிய உணவகத்தின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் எப்போதும் தலைப்பாகை அணிந்திருந்ததால் மக்கள் 'தலப்பாகட்டிக் கடை' என்றழைத்தனர். பலகையில் எழுதிய பெயர் மறைந்தது. மக்கள் வைத்த பெயர் நின்றது. சீரகச் சம்பா அரிசியில் சமைத்த அதே சுவையைப் பல பத்தாண்டுகள் அந்த வட்டாரத்திலேயே நிலைநிறுத்திய பின்னரே அக்கடை பிற ஊர்களுக்கு விரிந்தது. பெயர் புகழ்பெற்றபின், அதையொத்த பெயர்கள் பெருகி, வழக்கு மன்றம் வரை செல்லவேண்டி வந்தது. நம்மில் பலர் பெயர்ப்பலகைக்கு இருபதாயிரம் செலவிடுவோம். பெயரைப் பதிவு செய்யமாட்டோம். வணிகச் சின்னப் பதிவுக்குத் தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழியில் செலுத்தும் அரசுக் கட்டணம் ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும், மீண்டும் புதுப்பிக்கலாம். தொழில் நிலைபெறும் அறிகுறி தெரிந்தவுடனே இதைச் செய்துவிடுவது நன்று.

இனிக் கடனுக்கு விற்பது. உறவும் அண்டை அயலும் நிறைந்த ஊரில் கடனே கொடுக்காமல் கடை நடத்த இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடன் கொடுக்கும்போது நாம் கொடுப்பது லாபத்தை மட்டுமன்று. நூறு ரூபாய்ச் சரக்கைக் கடன் கொடுத்து அது வராமற் போனால், அடக்கமாகிய எண்பது ரூபாயை மீட்க, இருபது ரூபாய் லாபமுள்ள விற்பனை நான்கு செய்தாக வேண்டும். கடனை எழுதி வைக்கும்படி திருமறை பணிக்கிறது என்பதும், திருமறையின் மிக நீண்ட வசனமே அதைப் பற்றியதுதான் என்பதும் இங்குள்ளோர் அறிந்தவையே. எழுதுவது நம்பிக்கைக் குறைவு என்று நம் ஊர்களில் எப்படியோ ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. மொத்தக் கடன் எவ்வளவு வரை போகலாம் என்றும், ஒருவருக்கு எவ்வளவு என்றும் முன்கூட்டியே எல்லை வகுத்துக்கொண்டால் முகத்துக்கு நேரே மறுக்கவேண்டிய சங்கடமும் குறையும்.

முதல் முடங்கியவர் அடுத்து எங்கே போகிறார்? தண்டல்காரரிடம். 10,000 ரூபாய்க்குக் கையெழுத்து; கையில் கொடுப்பது 9,000; நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாள். 'பத்து விழுக்காடுதானே' என்று தோன்றும். நாள்தோறும் திருப்பிச் செலுத்துவதால் அந்த நூறு நாளில் சராசரியாக அவர் கையில் இருப்பது ஏறத்தாழ 4,500 ரூபாய் மட்டுமே. அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு எண்பதைத் தாண்டுகிறது. வட்டி குறித்த மார்க்கத் தீர்ப்பை எடுத்துரைக்க ஆலிம் பெருமக்கள் இங்கே இருக்கின்றனர். வெறும் வணிகக் கணக்காகப் பார்த்தாலும், ஆண்டுக்கு எண்பது விழுக்காடு கொடுத்துவிட்டு மிச்சம் பிடிக்கும் கடை எதையும் நான் கண்டதில்லை. தொடங்கும்போதே அலங்காரத்தில் ஒன்றரை லட்சத்தைக் குறைத்துக் கையிருப்பாக வைத்திருந்தால் அந்த வாசலை மிதிக்க வேண்டியிராது.

வீட்டுப் பணமும் கடைப் பணமும் கலப்பது மற்றொரு நோய். முன்பு கல்லாவில் கலந்தது. இப்போது கைப்பேசியில் கலக்கிறது. கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையில் விழும் பணம் முதலாளியின் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. அதிலிருந்தே பள்ளிக் கட்டணமும், மகன் வண்டிக்குப் பெட்ரோலும். மாத முடிவில் எது விற்பனை, எது கைமாற்று, எது மைத்துனர் அனுப்பிய பணம் என்பது அவருக்கே தெரியாது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவுகளைக் கொண்டு சிறு கடைக்காரர் பலருக்கு அறிவிப்பு அனுப்பியதும், பெரும் பதற்றம் எழுந்ததும் நினைவிருக்கலாம். கணக்கைப் பிரித்து வைத்திருந்தவருக்கு விளக்கம் சொல்வது எளிது. கடைக்குத் தனி வங்கிக் கணக்கு; முதலாளிக்கு மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை ஊதியம். இதுவே போதும். ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்போருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், உணவகம் உள்ளிட்ட சேவைகளுக்கு 20 லட்சம். இது மொத்த விற்பனையின் அளவு. லாபத்தின் அளவு என்று பலர் தவறாக எண்ணுகின்றனர்.

பெரிய நிறுவனங்களுக்குப் பொருள் செய்து கொடுப்போர்க்கு ஒரு சொல். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பொருள் தொழிற்கூடம் வைத்திருப்போர்க்கும், திருப்பூரில் தையல் கூலிக்கு எடுத்துச் செய்வோர்க்கும் இது நன்கு தெரியும்: வேலை முடிந்துவிடும், பணம் ஆறு மாதம் வராது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இதற்கு வழி செய்திருக்கிறது. பொருளையோ சேவையையோ ஏற்றுக்கொண்டவர் உடன்பாட்டில் கண்ட நாளுக்குள், எப்படியாயினும் 45 நாளுக்கு மிகாமல், பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டிக்கு அவர் ஆளாவார். நாம் அந்த வட்டியை விரும்பாமலிருக்கலாம்; ஆனால் முதலைக் கேட்கும் உரிமை உண்டல்லவா? 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதற்கு வலுவூட்டியது. குறு, சிறு நிறுவனத்திற்குக் காலக்கெடுவில் பணம் தராதவர், தரும்வரை அத்தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இப்பயனைப் பெற 'உத்யம்' பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவுக்குக் கட்டணமே இல்லை. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இணையத்தளங்கள் அரசுடையவை அல்ல. வாங்கி விற்கும் வணிகர்களும் 2021 முதல் இதில் பதிவு செய்யலாம். ஆயினும் அவர்களுக்கு வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டுமே உண்டு, 45 நாள் பாதுகாப்பு பொருள் செய்வோர்க்கும் சேவை புரிவோர்க்குமே உரியது.

இறுதியாக, கூட்டு வணிகம். வட்டியைத் தவிர்க்க விரும்பும் நம்மவர்க்குக் கூட்டுச் சேர்வதே இயல்பான வழி. நம் முன்னோரின் கடல் வணிகமும் பெரும்பாலும் அவ்வாறே நடந்தது. இருப்பினும் நம் மஹல்லாவில் நடக்கும் பஞ்சாயத்துகளில் அதிக நேரம் பிடிப்பவை கூட்டு வணிகத் தகராறுகளே என்பதை நிர்வாகிகள் அறிவார்கள். அண்ணன் தம்பி பேச்சற்றுப் போகிறார்கள். சகோதரியின் வாழ்க்கையும் அதில் அடிபடுகிறது.

எழுத்தில் உடன்பாடு இல்லாவிட்டால் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கூட்டாளிகள் லாபத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நட்டத்தையும் சமமாகவே ஏற்க வேண்டும். ஒருவர் 8 லட்சம் போட்டார், ஒருவர் 2 லட்சம் போட்டார், மூன்றாமவர் உழைப்பை மட்டும் தந்தார் என்றாலும் மூவர்க்கும் சம பங்கே. கடையிலேயே காலை முதல் இரவு வரை நின்றவர்க்குத் தனி ஊதியம் கேட்கும் உரிமை இல்லை. மார்க்கச் சட்டத்தில் முளாரபா முறைப்படி ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் தரும்போது, உழைப்பாளியின் கவனக்குறைவின்றி நேரும் முதல் நட்டம் முதல் போட்டவரையே சேரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். வாய்மொழியாக நாம் பேசிக்கொள்வது முளாரபா. எழுதாமல் விட்டதால் வழக்கு என்று வந்தால் சட்டம் எடுத்துக்கொள்வது சம பங்கு. உழைக்க மட்டும் வந்த ஏழை உறவினர் தலையில் 2 லட்சம் நட்டம் விழுந்தால் அவர் எங்கே போவார்?

மேலும், கூட்டாளி ஒருவர் மரணித்தால், வேறு உடன்பாடு இல்லையெனில், அந்தக் கூட்டாண்மையே கலைந்துவிடும். வாரிசுகள் வந்து பங்கைக் கேட்கும்போது சரக்கையும் நிலுவையையும் எப்படி மதிப்பிடுவது, எத்தனை மாதத்தில் கொடுப்பது என்பவை எழுதப்படாவிட்டால், இத்தா இருக்கும் பெண்ணின் வீட்டு வாசலில் கணக்குப் பேச வேண்டிய அவலம் நேரும். பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம் தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வெளியார் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. ஆகவே முதல் எவ்வளவு, உழைப்பு யாருடையது, லாபம் எப்படி, நட்டம் எப்படி, மாதம் எவ்வளவு எடுக்கலாம், விலகினால் என்ன, இறந்தால் என்ன ஆகியவற்றை முத்திரைத் தாளில் எழுதி, பதிவுத்துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். அன்பு நிறைந்திருக்கும் நாளில் எழுதுவது எளிது.

வளர்ச்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏனெனில் பெரும்பாலோர் அதற்கு அவசரப்படுகின்றனர். முதலாளி ஒரு மாதம் உம்ரா சென்று திரும்பினாலும் முதற்கடை அதே விற்பனையோடு, அதே ருசியோடு, அதே கணக்கோடு நடந்துகொண்டிருக்குமானால், அப்போது இரண்டாவது கடையைப் பற்றி எண்ணலாம். அதுவும் முதற்கடையின் சரக்கைப் பெயர்த்தெடுத்து நிரப்புவதாக இருத்தலாகாது. முன்னே சொன்ன மாவு நிறுவனம், தொடங்கி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2014இல்தான் பெரும் வெளி முதலீட்டை ஏற்றது. அதற்குள் எந்தக் கடையில் எத்தனை பாக்கெட் விற்கும் என்பதை அவர்கள் நன்கு கற்றிருந்தனர்.

இம்மண்டபத்தில் மூத்த வணிகர்கள் பலர் அமர்ந்திருக்கிறார்கள். புதிதாகக் கடை பிடிக்க எண்ணியிருக்கும் இளைஞர்கள், முன்பணம் கொடுக்கும் முன்பாக, ஒரு தாளில் நான்கு தொகைகளை எழுதிக்கொண்டு அவர்களில் எவரையேனும் சந்தியுங்கள்: அலங்காரத்துக்கு எவ்வளவு, சரக்குக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, வீட்டுக்கு மாதம் எவ்வளவு தேவை. ஏற்கெனவே கூட்டு வணிகம் நடத்தி, இன்னும் எழுதிக்கொள்ளாதவர்கள், வருகிற ஸகாத் கணக்கின்போது சரக்கை எண்ணும் அதே நாளில் பத்திரத்தையும் எழுதிவிடலாம். அன்று மதிப்பு எல்லோர்க்கும் தெரிந்திருக்கும்.